டேப் ரிக்கார்டரில் ஒரு பரீட்சை

வாத்தியார் வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, நம்ம தொழிலில் பாடம் நடத்துவது சுலபம். புதுசாக ஒரு சாமான் வந்தால் அதை வைக்க இடம் தேடுவதுதான் உயிரை வாங்கும்!

ஒரே ஒரு பிளக்

அறுபதுகளில் செஞ்சியில் அஞ்சாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். சிங்கவரத்துக் கஸ்தூரி என் வகுப்பு. காதால் கேட்டதை அப்படியே சொல்வாள். புத்தகத்தையோ பென்சிலையோ கொடுத்தால் வேர்த்துக் கொட்டும். "எழுத்தெல்லாம் நவுருது டீச்சர்" என்பாள். எல்லாரும் அவளை மக்கு என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்! ஏற்கெனவே ஒரு தடவை பெயில். இந்த வருஷமும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் நைனா சொல்லிவிட்டார்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்தேன். நான் பாடத்தைப் படித்துப் பதிவு செய்தால் அவள் வேண்டிய மட்டும் கேட்கலாம் அல்லவா? ஆனால் பிளக் இருந்தது ஹெட்மாஸ்டர் அறையில் மட்டும். தினம் மத்தியானம் அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஒரு வாரம் பொறுத்தவர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, பருவக்காற்றுப் பாடம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அடுத்த பாடத்தைப் போடுங்க!"

மல்லாட்டை அறுவடை

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, நிலக்கடலை அறுவடை சமயத்தில், அவள் நைனா சைக்கிளில் வந்து இறங்கினார். "மல்லாட்டை புடுங்க ஆள் கெடைக்கல. பொண்ண அனுப்புங்க."

கஸ்தூரி பதில் சொல்லிப் பழகியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன், அதைப் போட்டேன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார். "இன்னா டீச்சரு, இது எம் பொண்ணா? வூட்டுல வாயே தொறக்க மாட்டாளே! பரீட்சை முடியட்டும், நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

நூல் கட்டிய விடைத்தாள்

எழுதாத பிள்ளைக்கு மார்க் கிடையாது என்று முரண்டு பிடித்தார் ஹெட்மாஸ்டர். நானும் விடவில்லை. "உங்க எதிர்லதானே சார் படிச்சா? கேள்வியை நீங்களே கேளுங்க. பதிலை டேப்பில் எடுப்போம், திருத்துங்க" என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் சட்டம் சட்டம்தானே! டேப் சுருளுக்கு வெள்ளை நூல் கட்டி, பெயரும் நம்பரும் எழுதி, மற்ற விடைத்தாள்களோடு அடுக்கினார். அப்புறம் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு மார்க் போட்டார். நூற்றுக்கு அறுபத்திரண்டு! பெருமை தாங்காமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ இன்னும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "டீச்சரம்மா, கையெழுத்துக்குன்னு அஞ்சு மார்க் இருக்குதே, அதைக் குரலுக்குப் போட்டுடட்டுமா?"

ஆறாம் வகுப்புக்குப் போன கஸ்தூரி மறந்திருப்பாள், ஆனால் அந்த அஞ்சில் அவர் நாலுதான் போட்டார் என்பதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.