பொய்க்காரியை வெட்டலாமா?

நான் எழுதிய போர்க்காலச் சிறுகதையைக் குறைக்கச் சொல்லிவிட்டது பத்திரிகை.

நாயகனைத் தேடிவரும் சிப்பாய்களிடம் "இந்தப் பக்கம் யாரும் வரலையே" என்று பொய் சொல்லும் டீக்கடைக்காரியை நீக்க, இன்று காலை கம்பெனி பஸ்ஸில் முடிவெடுத்தேன். நாலு வரிதானே வருகிறாள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஏறிய, எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி நேராக டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம். எங்க ரூம் பிள்ளை முக்குக்கு வந்துட்டா. ஷூ லேஸ் கட்டிட்டு இருக்கா."

"எங்கம்மா? யாரையும் காணோமே."

"அந்த லாரிக்குப் பின்னால நிக்கா அண்ணே."

அவள் கைபேசியில் அந்தப் பிள்ளை அனுப்பிய "பல்லு விளக்குதேன்" என்ற செய்தி முன்சீட்டில் இருந்த எனக்கே தெரிந்தது. ஆனால் இன்றும் தாமதமானால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து, எதிர்த்திசையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள் அந்தப் பெண்.

"இன்னாம்மா, லாரிக்குப் பின்னால இருந்த பொண்ணு இப்டிக்கா வருது?"

"சுத்திட்டு வாரா அண்ணே."

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, ஏன் தாமதம் என்று கேட்டார். "ஒரகடத்துல செம டிராபிக் சார்" என்றார் டிரைவர், கண்ணிமைக்காமல். வழியெல்லாம் சாலை காலியாகத்தான் கிடந்தது.

ஆக, டீக்கடைக்காரியை வெட்ட முடியாது. துணைக்கு இன்னொரு பொய்க்காரரும் வேண்டும்.

இடத்துக்காக நாயகனைத் தூக்கிவிடலாமா? சொல்லுங்கள்.