பத்தொன்பதாம் கேள்வியோடு நின்றவர்கள்

ஆட்காட்டி விரலைக் கணினித் திரையில் அழுத்தி, வரிசை வரிசையாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள் தசமக்கா. திரை முழுக்க விரல்ரேகை. யாராவது துடைக்க வந்தால், "கைய எடு! எதுவரைக்கும் படிச்சேன்னு அடையாளம் அது" என்று விரட்டுவாள்.

பல்கலைக்கழகப் புள்ளியியல் பிரிவில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கருத்துக்கணிப்பில் பதில் எழுதியவர்களைத் 'தரவு' என்று சொன்னால் இன்னும் பெரிய சண்டை. "நூத்தி நாப்பத்தேழு பாவம், தூக்கமே இல்ல. இருநூத்தி ஒண்ணு ஒருவேளதான் சாப்பிடுது" என்று படிவ எண்ணையே பெயராக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப்போல அவர்களைப் பற்றிப் பேசுவாள்.

இம்முறை வெளிநாட்டு மாணவர்களின் மனநலம். பதில் எழுதியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கான ஆலோசனை அறை அடுத்த பருவத்தில் திறந்திருக்குமா என்பதே இந்த அறிக்கையைப் பொறுத்தது. அறுபத்து மூன்று பேர் பத்தொன்பதாம் கேள்வியோடு நின்றுவிட்டார்கள்: 'மனம்விட்டுப் பேச இங்கே உங்களுக்கு யாராவது உண்டா?' அதிலிருந்து கடைசிவரை எல்லாம் வெறும் கட்டங்கள்.

அக்காவின் மகளும் வேறொரு நாட்டில்தான் படிக்கிறாள். ஞாயிறுதோறும் கேமராவை அணைத்துவிட்டு "நல்லாருக்கேம்மா" என்பாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "சாப்ட்டேன்." அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் போடுவதென்று இத்தனை வருடப் புள்ளியியலுக்கும் தெரியவில்லை.

துறைத் தலைவர் யாரையும் கடிந்து பேசாதவர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "இதுக்கு ஏம்மா இவ்ளோ டென்ஷன்? காலியா இருக்கற எடத்துல மத்தவங்க சராசரியப் போட்டு நிரப்பிடுங்க. எல்லாரும் செய்யறதுதானே?"

நிரப்பினால் கணக்கு அழகாக வந்துவிடும். மாணவர்கள் நலம், ஆலோசனை அறைக்குப் பூட்டு.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கங்க ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா நிரப்பலாம் சார். நானே நிரப்பியிருக்கேன். இது அறுபத்து மூணு பேரு, ஒரே கேள்வியில நின்னுருக்காங்க. யாருமில்லன்னு எழுதக்கூட கை வராம போன பிள்ளைங்க. அவங்க பேர்ல, எனக்குப் பேச ஆள் இருக்குன்னு நாம எழுதறதா? நமக்கு வெக்கமா இல்ல?"

"சரி, அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுடலாம்."

"அடிக்குறிப்ப எவன் சார் படிக்கிறான்? நீங்க படிச்சிருக்கீங்களா?"

தலைவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் மதியம் தானே சராசரி போட்டு நிரப்பி, அச்செடுத்த அறிக்கையோடு வந்து நின்றார். ஆலோசனை அறையைப் பற்றி முடிவெடுக்கும் குழுவின் கூட்டம் நான்கு மணிக்கு. கணக்குப் பார்த்தவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை உள்ளே போகாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து, தன் பேனாவின் மூடியையும் கழற்றி அவளிடம் நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கினாள். இன்னொரு கையை நீட்டி மூடியையும் வாங்கினாள். அழுத்தி மூடி, அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.