மாப்பிள்ளைக்குப் பசியில்லை

போன மாதம் முருகேசன் அண்ணனைப் பாம்பு கடித்துவிட்டது. பதறாதீர்கள்... விஷமில்லாத பாம்பு. அதுவுமில்லாமல், அவருக்கு அது ஏழாவது கடி.

வளைகுடாவில், அல் கூஸ் தொழிற்பேட்டையில் நான் நர்ஸாக இருக்கும் இடத்தைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். நர்ஸ் என்றால் பிராணிகளுக்கு. கிளி, ஆமை, முயல் எல்லாவற்றையும் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டும் கம்பெனி. வெளியிலிருந்து பார்த்தால் டயர் குடோன் என்றுதான் நினைப்பீர்கள். அங்கே முறையான பர்மிட்டோடு வந்து சேர்ந்தது ஒரு போவா. மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி இறுக்கும் இனம். ஆனால் இது குட்டி — ஒன்றரை அடிதான். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தொட்டால் போதும், கழுத்தை வளைத்துச் சீறிப் பாய்ந்துவிடும்.

அதைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி முருகேசன் அண்ணனுக்கு. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இதே முதலாளியின் லேபர் கேம்ப்பில் எட்டு வருஷம் மெஸ் சமையல். மெஸ்ஸை கான்ட்ராக்டில் விட்டதும் இங்கே அனுப்பிவிட்டார்கள். பாம்புக்கு அவர் வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கிறதாம்!

ஒருநாள் மேனேஜர் வந்தார். பாம்பைப் பார்த்தார், அண்ணனின் விரல் பிளாஸ்திரியைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குள் இது பிள்ளைகள் முன்னால் அடங்கி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கலாஸ் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். கலாஸ் என்றால்? பாம்பு வந்த இடத்துக்கே திரும்பும். அண்ணன் சைட்டுக்குப் போவார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஜூன் மாத வெயிலில் கம்பி கட்டவேண்டும்.

அண்ணனைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாக் கோபத்துக்கும் ஒரே காரணம்தான் — பசி. மெஸ்ஸில் அடிதடி என்றால்கூட இரண்டு பேர் தட்டிலும் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றித்தான் சமாதானம் செய்வாராம். என் லீவு நாளன்று போன் செய்தார்.

“சிஸ்டர், மாப்ள ரொம்பக் கோவமா இருக்காப்ள. நேத்துதான் ஒரு எலி சாப்ட்டாப்ள. இன்னைக்குத் தண்ணி மாத்தப் போனா பாய்றாப்ள. பத்தலையோ?”

நான் அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். “பசியா இருக்கும்ணே, இன்னொண்ணு குடுத்துப் பாருங்க” என்றேன். படித்த நர்ஸ்! நம் வாயில் வேறென்ன வரும்? அழுகிற குழந்தை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் சம்பந்தி, பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் — எல்லாருக்கும் நாம் நீட்டுவது தட்டைத்தானே?

கொடுத்தார். கொஞ்சம் பெரிதாகவே பார்த்து. ஃப்ரீசர் எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, நீள இடுக்கியால் நீட்டியிருக்கிறார். பிடித்து விழுங்கிவிட்டது. வயிறு நிறைந்ததில் மனசும் குளிர்ந்திருக்கும் என்று அப்படியே கையில் எடுத்துக் கொஞ்சவும் போயிருக்கிறார். ஏழாவது கடி அப்போது வாங்கியதுதான்.

மறுநாள் காலையில் பார்த்தால், தின்றதெல்லாம் வெளியே கிடந்தது. குட்டிப் பாம்பு ஒருமுறை கக்கினால் தேறிக்கொள்ளும். மறுபடி மறுபடி கக்கினால் உயிருக்கே ஆபத்து. அண்ணன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“சோத்தப் போட்டே கொன்னுருவேன் போலயே சிஸ்டர்...”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாதித் தப்பு என்னுடையது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் நான் நர்ஸ் மாதிரி யோசித்தேன். அதற்குக் கோபமே இல்லை, பயம்! நாலு பக்கமும் கண்ணாடி. ஒளிய இடமில்லை. திடீரென்று தலைக்கு மேலிருந்து ஒரு கை இறங்குகிறது. காட்டில் குட்டிப் பாம்பின் தலைக்கு மேலிருந்து இறங்குவது பருந்துதான். அது சீறாமல் என்ன செய்யும்?

மூன்று பக்கம் அட்டை ஒட்டினோம். நுழைந்துகொள்ள ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்தோம். பதினைந்து நாள் இரை கிடையாது, தொடவும் கூடாது என்றேன்.

“பதினஞ்சு நாளு பட்டினியா? பாவம் சிஸ்டர்!”

“தண்ணி இருக்குல்லாண்ணே. வயிறு ஆறட்டும்.”

தண்டனை பாம்புக்கல்ல, அவருக்குத்தான். தினமும் பெட்டியோரம் ஸ்டூலைப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். முதலில் அவரைக் கண்டாலே சீறியது. பிறகு டப்பாவிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. பிறகு அவர் இருக்கும்போதே வெளியே வந்து தண்ணீர் குடித்தது.

பதினாறாம் நாள் ஒரு சின்ன எலி. விழுங்கியது. மறுநாள் கக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் அண்ணன் எலி வாடை போகக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். சாப்பாடு வரவில்லை என்று அதற்குப் புரிவதற்காகப் பாம்பு தூக்கும் கொக்கியால் மெல்லத் தொட்டார். பக்கவாட்டில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார்.

கடிக்கவில்லை! நாக்கை நீட்டி நீட்டி மோந்து பார்த்துவிட்டு மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. வாசலில் நின்ற மேனேஜர், “அச்சா! அடுத்த வாரம் ஸ்கூலுக்கு ரெண்டு பேரும் வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவர் மனைவி. அண்ணனுக்குக் கை காலியில்லை, நான்தான் ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலில் வைத்தேன். லீவு இந்த வருஷமும் தள்ளிப்போன கோபம், எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினார். அவர் இப்படிக் கத்தும்போதெல்லாம் அண்ணன், “சாப்ட்டியா?” என்று கேட்பதும், அந்தப் பக்கம் போன் கட்டாவதும் எங்கள் கம்பெனிக்கே தெரிந்த கதை.

அன்றைக்கு அண்ணன் கையிலிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தனியா இருக்கப் பயமா இருக்காடி?”

கத்தல் நின்றது. “ஆமாங்க...” என்று ஒரு சின்னக் குரல். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். இருபது நிமிஷம் பேசினார்கள்.

பேசும்போது கையில் என்ன சுற்றியிருந்தது என்பதை மட்டும் அண்ணன் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை!