மீனைப் பார்க்காமல் கையைப் பார்த்தவர்

இரணியலில் நேற்று மீன் வாங்கப் போனேன். மீன்காரப் பெண் தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும் உப்பும் ஐஸும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. "சாளை வேணுமா, நெய்மீன் வேணுமா?" என்று அவள் கேட்க, நானோ பேந்தப் பேந்த விழித்தபடி ஒரு நாய்த் தலையை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இதைச் சொன்னால் குழம்பு கிடைக்காது. உங்களிடம் சொல்லலாம்.

நாகர்கோவிலில் ஒரு சிறிய வைரஸ் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் மைக்ராஸ்கோப்புக்குக் குடை பிடிப்போம். டைரக்டர் சுசீலா மேடம். பெயருக்குத்தான் பெரிய பதவி. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று ஓடுவதும் அவர்தான், மருந்து வரவில்லை என்று சென்னைக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதும் அவர்தான். வெறிநாய் என்று சந்தேகம் வந்தால் செத்த நாயின் தலை எங்களிடம் வரும். மூளையில் துளி எடுத்துப் பார்த்து நோய் உண்டா என்று சொல்வோம்.

ஒருநாள் காலையில் சூசை என்ற மீனவர் ஐஸ்பெட்டியோடு வந்தார். வீட்டு நாயே அவர் மகளைக் கடித்து, மறுநாளே செத்தும்போயிருந்தது. பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்கிவிட்டார்கள். தலையைக் கெடாமல் எங்களிடம் சேர்க்கச் சொன்னார்களாம். பெட்டியைத் திறந்தேன். ஐயோ! தலையை நெடுகப் பிளந்து, உள்ளே கழுவி, கல்லுப்புத் திணித்திருந்தது. அசல் கருவாடு.

"மூளை எங்க?" என்றேன்.

"அதுதானே முதல்ல அழுகும்? வழிச்செடுத்துக் கடல்ல தள்ளியாச்சு. கெடாம கொண்டு வரச் சொன்னாவல்லா?" என்றார் சூசை, வேலையைச் சரியாக முடித்த நிறைவோடு.

எனக்கு வாயில் வசவு தயாராக இருந்தது. சத்தம் கேட்டு வந்த மேடம் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, கையக் காட்டுங்க" என்றார்.

உள்ளங்கையில் தூண்டில் நரம்பு அறுத்த கீறல்கள், பெருவிரலில் கத்தி பட்ட புதுக் காயம். அந்தக் கையால்தான் மூளையை வழித்திருக்கிறார்.

மேடம் கையுறை மாட்டிக்கொண்டு, அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவினார், கழுவினார், அப்படிக் கழுவினார்.

"விடுங்கம்மா. கடி வாங்கினது எனக்க பிள்ளைல்லா? எனக்கு என்னத்துக்கு ஊசி? நாளைக்குக் கடலுக்குப் போணும்."

"மூளை இல்லாம இந்த நாய்க்கு வெறி உண்டா இல்லியான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. உண்டுன்னுதான் வச்சுக்கிடணும். வந்துட்டா பிழைக்க வழி கிடையாதுண்ணே. பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு. அவ அப்பன் இல்லாம வளரணுமா?"

சூசை குழாயடியிலேயே குந்தி உட்கார்ந்து அழுதார். மேடம் அவரை ஜீப்பில் ஏற்றித் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அடுத்தடுத்த ஊசிகளை அப்பனும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார்கள். அப்பன்தான் அதிகம் கத்தினாராம். பல வருஷம் கழித்து அந்த மகளின் கல்யாணத்துக்குப் போனோம். கோயில் வாசலில் நின்று எங்களை வரவேற்றது சூசைதான்.

இப்போது பளபளவென்று புதுக் கட்டடம். தலைகளை வேறெங்கோ சீல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள், முடிவு போனுக்குப் போய்விடுகிறது. நல்லதுதான், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் பெட்டி மட்டுமே வருகிறது, கொண்டுவந்தவர் கை வருவதில்லை. குழாயடியை இடித்துவிட்டார்கள். மேடமும் போய்ச்சேர்ந்துவிட்டார்.

நேற்று அந்த மீன்காரப் பெண் பையை நீட்டினாள். வாங்காமல் நின்றேன்.

"என்ன சார், மீனப் பாக்காம எனக்க கையப் பாக்கிய?"