குதிரைக்கு அடியில் ரப்பர்

சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் வாத்தியக் கடைக்கு யாராவது டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலாளி வாத்தியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வந்தவரின் கையைப் பார்ப்பார். "எங்கே வலிக்கிறது?" என்பார். டபுள் பேஸ் ஆளைவிட உயரமான வயலின் மாதிரி இருக்கும். கடையைத் துடைக்கும் வேலைக்குப் போன புதிதில் அந்தக் கேள்வி எனக்கு விளங்கவேயில்லை. ஒருநாள் முதலாளி இல்லாத நேரத்தில் ஒரு சீனப் பெண்மணி வந்து என்னிடம் தோளைத் தொட்டுக் காட்டினார். நான் ஓடிப்போய்த் தைலம் எடுத்துவந்து நீட்டினேன். அவர் சிரிக்காமல் வாங்கித் தேய்த்துக்கொண்டு, பிறகு வாத்தியத்தின் தந்தியைத் தொட்டுக் காட்டினார். கழுத்துப் பலகையிலிருந்து தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு விரல் அழுத்த வேண்டும், வலி தோள்வரை ஏறும் என்பது அன்றுதான் புரிந்தது. அந்த உயரத்தைக் குறைக்கும் வேலையைத்தான் இப்போது நானே செய்கிறேன்.

லீவில் கோவைக்கு வந்திருந்தபோது, என் மனைவியின் தம்பி செந்தில் கணபதிப் பகுதியில் இருக்கும் தன் குடோனுக்கு என்னைக் கூட்டிப்போனான். கல்யாண மேடை அலங்காரமும் பாட்டுக் குழுவும் அவன் தொழில். மூலையில் ஒரு டபுள் பேஸ் நின்றது. மேடை வளைவுக்கு அடிக்கிற தங்கப் பெயின்டையே அதற்கும் அடித்திருந்தார்கள். பெயின்டில் ஒரு கொசு சிறகு விரித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

"சிங்கப்பூர்ச் சரக்கெல்லாம் பாத்த கண்ணுக்கு நம்முளுது எப்படீங் மச்சா?" என்றான்.

"நல்லா மின்னுது மாப்ள" என்றேன். மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு எப்போதும் வாய் வராது.

அதை வாசிக்கிற மெர்சி அங்கே இருந்தார். சர்ச்சில் வாசித்துப் பழகிய பெண். இடது கை விரல்களில் பிளாஸ்திரி, அதன் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அன்று சாயந்திரம் சூலூரில் ஒரு ரிசப்ஷன். "எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"எங்க வலிக்கலீன்னு கேளுங்ணா" என்றார். "அமுத்தி அமுத்தி விரலே செத்துப்போச்சு. அப்பவும் சத்தம் வாரதில்லீங்."

"பாட்டு லேப்டாப்புல ஓடுது. சும்மா நின்னாப் போதும். நீ எதுக்கு அம்மணி இந்த முக்கு முக்கறே?" என்றான் செந்தில்.

"அப்ப லேப்டாப்புக்கே கோட்டு மாட்டி நிக்க வெச்சுருங்க. நான் வாசிக்கறதுக்குத்தானுங் வந்தேன். இன்னைக்கும் வாசிக்க முடியலீன்னா இந்தப் பொழப்பே வேண்டாமுங்."

நான் குனிந்து பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அதன் இரண்டு கால்களுக்கு அடியிலும் கனத்த கறுப்பு ரப்பர் இருந்தது. தந்திக்கும் கழுத்துப் பலகைக்கும் நடுவில் என் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது.

"இதை யாரு வெச்சது?"

"நம்ம பம்புசெட்டு மெக்கானிக்குத்தானுங். கொர்ருகொர்ருன்னு ஒரே எரைச்சல். கால்ல பேக்கிங் குடுத்து ஒரே நாள்ல அடக்கிப்போட்டாரு" என்றான் செந்தில்.

அந்த மெக்கானிக்கைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அஞ்சாவதோடு படிப்பை விட்டு நானும் இதே கணபதியில் மோட்டார்ப் பட்டறையில்தான் வேலை பழகினேன். அதிர்கிற எதற்கும் அடியில் ரப்பர் வைப்போம். "ஓடுறதே தெரியலீங்க" என்று தோட்டத்துச் சொந்தக்காரர் சொன்னால் அதுதான் எங்களுக்குப் பாராட்டு. ஆனால் பேஸில் தந்தி அதிர்ந்து, அது குதிரை வழியாக வயிற்றுப் பலகைக்கு இறங்கினால்தான் ஓசை. ரப்பர் அந்த ஓசையைக் குடித்துவிட்டு, தந்தியையும் உயரத்தில் ஏற்றிவைத்திருந்தது.

இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, வாத்தியத்தை நாங்கள் கவிழ்த்துக் குலுக்கினோம். முன்பக்க ஓட்டை வழியாக ஐஸ்கிரீம் கரண்டிகள் விழுந்தன. அப்புறம் மென்று துப்பிய பீடா, எச்சில் துடைத்த காகிதம், கோழி எலும்பு, கரப்பான் கால்கள். நாற்றத்தில் மெர்சி வெளியே ஓடிவிட்டார். ரிசப்ஷனுக்குப் பட்டுடுத்தி வந்தவர்கள் மேடையேறி போட்டோவுக்கு நின்றபோது போட்டவை இவை. சிங்கப்பூர் சுத்தம் என்று இங்கே பீற்றிக்கொள்ள மாட்டேன். அங்கே வேறு அசிங்கம். விருந்தாளிக்குக் காட்டவே வாத்தியம் வாங்கி, பிள்ளை தொட்டால் அதட்டுகிற வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

வளைத்த கம்பியால் மிச்சத்தையும் தோண்டி எடுத்தேன். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, குதிரையின் ஒவ்வொரு காலாகத் தூக்கி ரப்பரை உருவினேன். பெயின்டில் அது சீழ் மாதிரி நூல்விட்டு வந்தது. குதிரையின் மேல் விளிம்பில் தந்தி உட்காரும் பள்ளங்களைச் சின்ன அரத்தால் துளித்துளியாக ஆழமாக்கினேன். ஒவ்வொரு முறையும் மெர்சி அழுத்திப் பார்த்து, "இன்னுங் கொஞ்சமுங்ணா" என்றார். கடைசியில் வில்லை எடுத்து இழுத்தார். தகரக் கதவு அதிர்ந்தது.

சாயந்திரம் சூலூர் மண்டபத்தில் அந்த ஓசை எழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், பேசுவது காதில் விழவில்லை என்றாராம். செந்தில் அந்த ரப்பர்த் துண்டுகளோடு வேர்க்க வேர்க்க ஓடிவந்தான்.

"மச்சா, மறுபடி இதை வெச்சுப்போடுங்க. பார்ட்டி கோவிச்சுக்கறாங்க."

"வெக்க முடியாது மாப்ள."

"ஏனுங் மச்சா, நம்மூரு உங்களுக்குத் தெரியாதுங்களா? ஊரை உட்டுப் போன ஆளு, உங்களுக்கென்ன!"

மேடைக்கு ஏறும் படியில் அவனுக்கு வழி விடாமல் நின்றுகொண்டேன். அவன் என்னைத் தள்ளவில்லை, நானும் நகரவில்லை. மெர்சி எங்களைப் பார்க்காமல் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். என் ஒரு கால் மேடைப் படியின் பலகையில் இருந்தது. அதில் ஓசை முழங்கால்வரை ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கால் மண்டபத்து டைல்ஸ் தரையில் இருந்தது. அதில் ஒன்றுமே தெரியவில்லை.