வாடாத பச்சை

அந்தச் செய்தியை நான் அண்ணிக்காகத்தான் படித்தேன். அண்ணி என் கணவரின் அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "வாசி டீச்சரம்மா, ஒலகத்துல என்ன நடக்குதுன்னு கேப்போம்" என்பார். நான் டீச்சர் இல்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள், அவ்வளவுதான். அந்தக் கேலியில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும் என்பதால் பொறுத்துக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் மகளுக்கு இரண்டு வயது முடியவில்லை.

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை எடுத்துப் புகையிலைச் செடிக்குள் வைத்திருக்கிறார்களாம். அந்தச் செடியின் மேல் களைக்கொல்லி பட்டாலும் அது சாகாதாம். நாளைக்குச் சோளம், பருத்தி என்று எல்லாப் பயிரையும் இப்படிச் செய்துவிட்டால் வயல் முழுக்க மருந்தடிக்கலாம், களை மட்டும் சாகும், பயிர் நிற்கும் என்று எழுதியிருந்தார்கள்.

"செடிக்குத் தடுப்பூசி போடறாங்களா?" என்றார் அண்ணி.

"ஊசி இல்ல அண்ணி. அதோட பிறப்பையே மாத்திடறாங்க. அப்புறம் வெதையிலயே வந்துரும்."

"மருந்து மேல பட்டா?"

"ஒண்ணும் ஆகாது. பச்சையாவே நிக்கும்."

"அட, அத எனக்குப் போடச் சொல்லுலா! பம்பு ஒழுகி ஒழுகி முதுகுத் தோலெல்லாம் உரியுது. புகையிலைக்கு என்ன அவசரம்?"

நானும் சிரித்தேன். மகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள். ஆனால் அன்று முழுவதும், பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும், 'பச்சையாவே நிக்கும்' என்று நானே சொன்ன சொல் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல விஷயம்தானே, களை பிடுங்கும் கஷ்டம் குறையுமே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்தில் இளந்தேயிலை நட்ட சரிவுகளில் வரிசைகளுக்கு நடுவே மணத்தக்காளி தானாக முளைக்கும். கணக்குப்படி அதுவும் களைதான். ஆனால் வேலை முடிந்து வரும் பெண்கள் மடி நிறையப் பறித்து வருவார்கள். மருந்தடித்த வரிசை எது, அடிக்காதது எது என்று யாரும் பலகை வைத்ததில்லை. இலையே சொல்லிவிடும். காலையில் அடித்தால் மதியத்துக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கருகிவிடும். துவளாத இலை நல்ல இலை. என் மாமியார் காலத்திலிருந்து அந்தப் பார்வை ஒன்றுதான் எங்களுக்குக் காவல்.

அந்த வருடம் ஸ்டோருக்குப் புது மருந்து வந்தது, செய்தியில் சொல்லியிருந்த அதே வகை. அதை ஆண்கள்தான் அடித்தார்கள். அது மெதுவான மருந்து என்றும், களை மஞ்சளாகிச் சாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றும் அண்ணி கேள்விப்பட்டிருந்தார். பழைய மருந்தும் ஸ்டோரில் பக்கத்திலேயே இருந்தது.

செய்தி படித்துச் சில வாரங்கள் கழித்து, மலை முழுவதும் பனிமூட்டம் இறங்கிக் கிடந்த ஒரு நாளில், அண்ணி கீரை கொண்டுவந்தார். இலையெல்லாம் ஈரம். அந்த மூட்டத்தில் எதுதான் ஈரமாக இல்லை? மூன்று தண்ணீரில் அலசி, பருப்போடு கடைந்து, குழைந்த சோற்றில் பிசைந்து மகளுக்கு ஊட்டினேன். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி இன்னும் கேட்டாள்.

மாலையில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணி, எங்கள் வாசல் பக்கமாகப் போனவர், நின்றார். "அந்த மேல் சரிவுப் பக்கம் கீரைக்குப் போயிடாதீங்க. காலைல ஆம்பளைங்க அடிச்சிருக்காங்க."

அண்ணியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. "எந்த மருந்துண்ணே?"

"ஸ்டோர்ல ரெண்டும்தான் இருக்கு. எத கலந்தாங்கன்னு கிராணியத்தான் கேக்கணும்."

"பச்சப் பசேர்னு இருந்துச்சே. நான் கண்ணால பாத்துதானே பறிச்சேன்!"

அண்ணி இதை யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு தோட்ட மருந்தகத்துக்கு ஓடத் தொடங்கியிருந்தேன். டிரஸ்சர் என்று நாங்கள் சொல்லும் மருத்துவ உதவியாளர் டார்ச் அடித்து அவள் வாயைப் பார்த்தார். லோரி ஏற்பாடு செய்து தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டரும் பார்த்தார், இரத்தம் எடுத்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, என்ன மருந்தென்று கேட்டு வாருங்கள், நாக்கில் புண் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுவாருங்கள் என்றார்.

என் கணவர் ஸ்டோர் கணக்கு வைத்திருக்கும் கிராணியின் வீட்டுக்கே போய்க் கேட்டார். "புதுசுதான், புதுசுதான்" என்றாராம் கிராணி.

"ரெண்டு தரம் சொன்னாரா?" என்றேன்.

"ஆமா. ஏன்?"

"ஒரு தரம் சொன்னா போதாதா?"

"நீ எல்லாத்தையும் தோண்டிக்கிட்டே இரு" என்றார் அவர். ஆனால் அவரும் சாப்பிடவில்லை.

அந்தச் செய்தித்தாளைத் தேடி எடுத்தேன். அலமாரித் தட்டில் விரித்திருந்தேன். இப்படிப்பட்ட மருந்து, செடிக்குள் மட்டும் நடக்கிற ஒரு வேலையைத்தான் நிறுத்துகிறது, மனித உடலில் அந்த வேலையே இல்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. முன்பு அதை வேகமாகப் படித்துக் கடந்திருந்தேன். இப்போது அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகள் தின்றது புது மருந்து என்றால் இந்த வரி அவளைக் காப்பாற்றும். பழையது என்றால்?

பழையது என்னவென்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கீழ் லயத்தில் ஒருவர் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததைத் தவறுதலாக ஒரு மடக்குக் குடித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நன்றாகத்தான் திரும்பி வந்தார். சிரித்துப் பேசினார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மூச்சு அடைக்கத் தொடங்கியது. ஆகவே என் மகள் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அழுதால் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தேன். சிரித்தாலும் நாக்கைப் பார்த்தேன். அவள் அதை விளையாட்டாக்கிக்கொண்டு, நான் பக்கத்தில் போனாலே நாக்கை நீட்டினாள்.

மறுநாளும் மூட்டம் விலகவில்லை. அண்ணி ஒன்று சொன்னார்: "பழசு வெயில் பட்டாத்தான் வேல காட்டும். மூட்டமா இருந்தா அதுவும் சும்மா கெடக்கும். வெயில் வரட்டும், தெரிஞ்சிடும்."

இலைக்காகக் காத்திருந்தோம். வெயில் வந்து கீரை கருகினால் பழையது. பச்சையாக நின்றால் புதியது. அந்தப் பச்சையை நம்பித்தான் ஏமாந்திருந்தோம். இப்போது பச்சையாகவே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். படித்தவள் செய்கிற காரியமா இது, இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை பொறுக்கக் கூடாதா என்றும் தோன்றியது. பொறுக்க முடியவில்லை.

வெயில் வந்த அன்று பிற்பகலில் நாங்கள் இருவரும் மேல் சரிவுக்குப் போனோம். மகள் என் இடுப்பில். அண்ணி முன்னால் நடந்தார். வரிசைக்கு வந்ததும் குனியாமல் நின்றார். "நீ பாரு. நான் பாத்தது போதும்."

மணத்தக்காளி நிமிர்ந்து நின்றது. இலை பளபளவென்று இருந்தது. அண்ணி கிள்ளிவிட்டுப் போன காம்புகள்கூடத் தெரிந்தன. ஒரு கருகல் இல்லை.

அண்ணி மண்ணில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார். நான் அழவில்லை. மருந்தே அடிக்காமல்கூட இப்படித்தானே நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விஷம் உள்ளே இருக்கும்போது செடி இவ்வளவு அழகாக இருக்கக் கூடுமா? அடுத்த வாரம் இலை ஓரத்தில் மஞ்சள் தொடங்கி மெல்ல உள்ளே பரவியதைப் பார்த்த பிறகுதான் கிராணி சொன்னது உண்மை என்று நம்பினேன். ஆஸ்பத்திரி முடிவும் நல்லபடியாக வந்தது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, அவள் வெளியே விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேன்.

அண்ணி அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. பழைய சிவப்புச் சட்டையொன்றைக் கிழித்து, புது மருந்து அடித்த ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு குச்சி நட்டு அதில் ஒரு துண்டைக் கட்டச் சொல்லி ஆண்களோடு சண்டை போட்டார். "என்ன, மலை பூரா கோயில் கட்டப் போறீங்களா?" என்று கங்காணி கேலி செய்தார். "ஆமா, நீங்கதான் பூசாரி. வந்து கட்டுங்க" என்றார் அண்ணி. கட்டினார்கள்.

இலை சொன்னதை இனி துணி சொல்லும். அதுதான் ஏற்பாடு. ஆனால் எங்கள் மலையில் காற்றும் மழையும் துணியை விட்டுவைப்பதில்லை. சில துண்டுகள் வெளுத்து மண் நிறமாகின்றன, சில முடிச்சோடு பறந்துவிடுகின்றன. அப்படியிருந்தும், மருந்து பட்ட இலையில் அந்த மஞ்சள் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும் என்ற தைரியம் இருக்கிறது. புகையிலைக்குச் செய்ததை ஒரு நாள் நாம் தின்னும் செடிக்கும் செய்துவிட்டால், அந்த ஒரு நாளும் வராது. எத்தனை வாரம் போய்ப் பார்த்தாலும் பச்சையாகவே நிற்கும். நல்லதாகவே இருக்கலாம், பெரிய மனிதர்கள் சோதித்துத்தான் கொடுப்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகும் வயது. போன வாரம் அவளோடு அந்தச் சரிவு வழியாக வந்தேன். ஓடிப்போய் ஒரு வரிசையின் முன் நின்றாள். கறுப்புப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

"இங்க துணி இல்லம்மா. பறிக்கலாமா?"

குச்சியைப் பார்த்தேன். துணி இல்லைதான். கட்டவே இல்லையா, காற்றில் போய்விட்டதா?

"வேணாம்மா."

"ஏன்? பச்சையாத்தானே இருக்கு."

அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் வந்த பிறகு, "பழத்தைத் தொட்டியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு கைகளுக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கழுவினேன்.