நொய் தேடி வந்த புறாக்கள்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அஞ்சலையிடமிருந்து போன்.

"யக்கா, கொஞ்சம் எங்க வூட்டாண்ட வந்துட்டுப் போறியா? எனக்கு பயமா கீது."

அஞ்சலை பயப்படுகிற ஆள் இல்லை. கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு தானியக் கிடங்கு வாசலில், லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து கூட்டியவள். மூட்டை இறக்கும்போது சிந்துகிற நொய்யை அள்ளி, புடைத்து, கல் பொறுக்கி விற்பாள். மாவுக் கடைகளுக்குக் கொஞ்சம், என் மொட்டை மாடியில் இருக்கிற ஐந்து கோழிகளுக்குக் கொஞ்சம். அப்படித்தான் பழக்கம்.

ஒரு மாதமாக அவள் வரவில்லை. கோழிகளைக் கடைத் தீவனத்துக்கு மாற்றிவிட்டேன். ஏன் வரவில்லை என்று ஒரு போன்கூடப் பண்ணவில்லை. நம் காரியம் நடந்தால் சரி... அப்படித்தானே இருக்கிறோம்?

வியாசர்பாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. அவள் வீடு நாலாவது மாடி. முதல் இரண்டு மாடிகளில் டிவி, மிக்ஸி, குழந்தைகள் என்று ஒரே சத்தம். மூன்றாவது மாடிப் படியில் இறகுகள். அதற்கு மேல் சத்தமே இல்லை.

நாலாவது மாடி வராந்தா முழுக்கப் புறா.

கைப்பிடிச் சுவரில், கொடிக்கயிற்றில், தண்ணீர் டிரம் மூடிகளில், மீட்டர் பெட்டி மேலே... நூறா, இருநூறா? புறா என்றால் குனுக வேண்டாமா? ஒன்றுகூடக் குனுகவில்லை. எல்லாம் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் நடந்தபோதும் பறக்கவில்லை. என் முழங்கை ஒரு புறாவின் மேல் உரசியது. அதன் உடம்புச் சூடு எனக்குத் தெரிந்தது. அப்போதும் அது கதவைத்தான் பார்த்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. "சீக்கிரம் உள்ள வந்துடு யக்கா."

உள்ளே ஜன்னலை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடியிருந்தாள். கட்டிலில் அவள் கணவர் ஏழுமலை, குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துப் பக்கம் நிலக்கரி ஏற்றி இறக்கியே நெஞ்சு கெட்டுப்போனவர். புறா எச்சமும் தூசியும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"கிடங்குல எல்லாமே மாறிப்போச்சு யக்கா," என்றாள் அஞ்சலை. "நொய்யி, சோளம் எல்லாம் இப்ப எத்தனால் கம்பெனிக்குப் போவுது. பெட்ரோல்ல கலக்குறாங்களாம். மூட்டையே கெடையாது. மிஷின் வெச்சு லாரிக்குள்ள ஏத்திகினு பூடுறாங்க. ஒரு மணி கீழ வுழுவல. நான் இன்னாத்த கூட்டறது? நின்னுட்டேன்."

"புறா?"

"கல்லு கலந்த கடைசிக் குப்பைய அதுங்களுக்குத்தான் வீசுவேன். நான் நின்ன மூணா நாளு ரெண்டு வந்துச்சு. அப்பால பத்து. இப்ப நீயே பாத்தியே... என்னத் தேடிக்கினு வருதுங்க." குரலைத் தாழ்த்தினாள். "யாரையோ இட்டுகினு போவத்தான் வந்துகீதுங்கன்னு பக்கத்து வூட்ல பேசிக்கிறாங்க."

சொல்லும்போது அவள் கண் கட்டிலுக்குப் போய் வந்தது.

ஏழுமலை எத்தனாலைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அதக் குத்தம் சொல்லாதம்மா. பொகை கொறையும்னு சொல்றாங்க இல்ல? கொறஞ்சா நல்லதுதானே. கரித்தூள் தின்ன நெஞ்சுக்குத்தான் அது தெரியும்."

"உன் மூச்சுக்கு நல்லதுய்யா. என் அடுப்புக்கு ஆவலியே!"

யார் பக்கம் பேசுவது? அப்போது, கதவின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்து ஏதோ பிராண்டியது. மெதுவாக. விடாமல்.

மறுநாள் காலை நான் மறுபடி போனபோது அஞ்சலை ஒரு முடிவோடு இருந்தாள். ரேஷன் அரிசியை ஒரு பையில் கட்டிக்கொண்டாள். "என்னத் தேடித்தானே வந்துச்சுங்க? நானே கொண்டுபோய் வுட்டுட்டு வரேன்." ஆட்டோவில் போகலாம் என்றேன். வேண்டாம் என்றாள். "நடந்தாத்தான் வரும்."

அவள் கீழே இறங்கி ரோட்டில் கால் வைத்ததும் நாலாவது மாடி மொத்தமும் எழும்பியது. அத்தனை சிறகும் ஒரே நேரத்தில்! பிறகு சத்தம் மேலே போய்விட்டது. நிழல் மட்டும் எங்களோடு வந்தது. சுளீர் என்ற வெயிலில், எங்கள் இரண்டு பேர் மேல் மட்டும் ஒரு நிழல். டீக்கடையில் இருந்தவர்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"மேல பாக்காத யக்கா," என்றாள். "நீ பாத்தா நானும் பாப்பேன். பாத்தா நடக்க மாட்டேன்."

கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. மதில் ஓரமாக அரிசியைக் கொட்டினாள். புறாக்கள் இறங்கின. ஆனால், அரிசியைத் தொடவில்லை. அவள் காலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்து நின்றன. அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

முதல் லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். பெரம்பலூர்க்காரர், மக்காச்சோள லோடு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல முன்னாடி சோளத்த வாங்க ஆளில்லாம களத்துலயே பூசணம் பூத்துக் கெடக்கும்ங்க," என்றார். "இப்ப வீடு தேடி வர்றாங்க. என் தங்கச்சி கல்யாணமே இதுலதாங்க நடந்துச்சு. இது தப்புன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு, புறாக்களுக்கு நடுவே நின்ற அஞ்சலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லாரி மேல் ஏறி, தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்தார். "இதுல எங்க சொந்தக் காட்டுல வெளஞ்ச சோளமும் இருக்கு. அதுல நாலு கை குறைஞ்சதா இருக்கட்டும்." அள்ளி வீசினார்.

தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி சோளம் ரோட்டில் தெறித்தது. சிந்துகிற அந்தச் சத்தம் கேட்டதும் அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பின.

என் துப்பட்டாவை எடுத்து அஞ்சலையின் தலையோடு போர்த்தினேன். "நட. திரும்பாத." தெருமுனை வரைக்கும் என் பிடரியில் ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது. யாரோ பார்க்கிறார்கள் என்றால் அப்படித்தானே இருக்கும்? முனை திரும்பினோம். சிறகுச் சத்தம் வரவில்லை. அஞ்சலை அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள். விட்டுவிட்டு வந்ததற்கா, தப்பித்ததற்கா?

மறுநாள் ஏழு புறா வந்ததாம். அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. ஏழுமலைக்கு இப்போது இழுப்பு கொஞ்சம் பரவாயில்லை. கிடங்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். கூரையில் ஒரு இறகுகூட இல்லை. அத்தனையும் எங்கே போயின? வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.

சோள லாரி டிரைவர் சொன்னதும் நிஜம், ஏழுமலை சொன்னதும் நிஜம். டிவியில் எத்தனாலைப் பற்றி விவாதம் நடக்கும்போது எல்லோரும் வயலில் விளைந்ததைப் பேசுகிறார்கள், வண்டியில் எரிந்ததைப் பேசுகிறார்கள். நடுவில் சிந்தியதை நம்பி இருந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அஞ்சலை திருவொற்றியூரில் ஒரு பெட்ரோல் பங்கில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேலை எப்படி என்று கேட்டேன்.

"இங்கயும் பெட்ரோல் சிந்துது யக்கா... ஆனா நான் தொடப்பத்த எடுக்கறதுக்குள்ள காத்தோட பூடுது."